தவிட்டுக்கு விற்ற மகள்

யாழ்ப்பாணத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் கும்பகோணத்தில் பாதிப்பேர் புகையிலை வாங்கிவரச் சொன்னார்கள், மீதிப்பேர் பனங்கற்கண்டு. எங்கள் பாத்திரக்கடைக்கு எதிரே வெற்றிலைக்கடை வைத்திருக்கும் முதலியார் இரண்டையும் சொன்னார். குழந்தையின் உடம்புக்காகப் போகிறேன் என்று விளக்கியதும் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "அதுவும் நல்லபடியா நடக்கட்டும், இதையும் மறந்துடாதீங்க" என்றார்.

கமலிக்கு அப்போது ஒன்பது மாதம். பார்த்தவர்கள் நான்கு மாதம் என்பார்கள். தாய்ப்பால் சீக்கிரமே வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் போன வேகத்தில் திரும்பிவரும். ஊர் டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார், நாட்டு வைத்தியர் ஒரு மருந்து கொடுத்தார், என் மாமியார் தினம் ஒரு மருந்து கொடுத்தார். இவளுக்கு முன்னே எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டுமே ஆண்டுநிறைவைக் காணாமல் போய்விட்டன. இவளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் என் மனைவி தையலுக்கும் வேறு நினைப்பு இல்லை. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன் சபாரத்தினம். நான் பாதியில் படிப்பை விட்டுப் பாத்திரக்கடைக்குப் போனேன். அவன் முழுவதும் படித்துத் தன் ஊரில் வாத்தியாரானான். வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வீடு. அங்கிருந்து வண்டி போகும் தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதில் குழந்தைகளைப் பார்க்கக் கெட்டிக்காரியான ஒரு லேடி டாக்டர் இருக்கிறார், யோசிக்காமல் புறப்பட்டு வா என்று எழுதினான். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

கடல் பயணத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. குழந்தைக்கு வாந்தி நிற்கவேண்டும் என்று கிளம்பியவன், வழியெல்லாம் குழந்தையைவிட அதிகமாக எடுத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இலங்கைக் கரையில் ஏறிய ரயிலில் சிங்களக் கார்டு ஒருவர் கமலியைக் குனிந்து பார்த்துவிட்டுத் தன் கூட்டாளியிடம் ஏதோ சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து வியாபாரி கேட்காமலே மொழிபெயர்த்தார்: "பிள்ளையின்ரை கண் நல்ல வடிவாம். உந்தக் கண்ணுக்கு ஏத்த உடம்பு வைக்கவேணுமாம்." கார்டு அதோடு போகாமல் அடுத்த ஸ்டேஷனில் எங்கிருந்தோ ஒரு செம்பு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். நம்மூர் ரயிலில் கார்டு என்றால் பச்சைக்கொடி காட்டுகிற ஆள். அவரிடம் வெந்நீர் கேட்கலாம் என்று நமக்குத் தோன்றாது.

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் சபாரத்தினம் ஒற்றைமாட்டு வண்டியுடன் நின்றான். அதை அங்கே திருக்கல் என்கிறார்கள். மாடு எங்கள் பக்கத்து மாடுகளைப்போல யோசித்து நடக்கிற மாடு அல்ல, பந்தயத்தில் ஓடிய மாடு. பின்னால் வேறொரு வண்டியின் சலங்கைச் சத்தம் கேட்டால் போதும், வாலைச் சுருட்டிக்கொண்டு பறக்கிறது. பாதி வழியில் கடையாணி கழன்று சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. தையல் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முருகா என்றாள். வண்டிக்காரக் கந்தையர் நிதானமாக இறங்கி, மடியிலிருந்து வேறொரு ஆணியை எடுத்துச் சொருகினார்.

"பயப்பிடாதேங்கோ. உது இடைக்கிடை கழருறதுதான்" என்றார். மடியில் இன்னும் எத்தனை ஆணி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

வட்டுக்கோட்டைப் பக்கம் ஊர் என்று ஒன்று இருப்பதே முதலில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பனையோலை வேலி. நடுவே மணல் சந்து, அதற்கு ஒழுங்கை என்று பேர். வேலிக்குப் பின்னால் ஆள் பேசுகிறார்கள், கோழி கூவுகிறது, தேங்காய் துருவுகிறார்கள். வீடு மட்டும் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் நாலாவது வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார்கள், எல்லாம் திறந்த வாசல். இங்கே நான் முதல் இரண்டு நாளும் சபாரத்தினத்தின் வீட்டுக்குப் பதிலாக வேறு வேறு வீட்டு வேலிக்கதவை, படலை என்பார்கள், திறந்துகொண்டு உள்ளே போனேன். ஒரு வீட்டில் கோப்பியே கொடுத்துவிட்டுத்தான் யார் என்று கேட்டார்கள்.

அந்தக் கோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கும்பகோணத்துக்காரனுக்குக் காப்பியில் கொஞ்சம் திமிர் உண்டு. இவர்கள் மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்து, பாலே விடாமல், ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் கொடுத்து, கடித்துக்கொண்டு குடி என்கிறார்கள். முதல் நாள் இது காப்பியே அல்ல என்றேன். நாலாம் நாள் இரண்டாவது குவளை கேட்டேன். சபாரத்தினம் மனைவி பூரணம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊற்றினாள்.

வந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பெண்தான், சென்னையில் படித்தவர். கமலியைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்தார். நான் ஊர் டாக்டர் சொன்னது, வைத்தியர் சொன்னது, மாமியார் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நர்ஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். பாதிப் படிப்பு படித்தவனுக்கு அந்த அளவு புரியும். "இந்தத் தகப்பனை வராந்தாவில் உட்காரவை, எனக்குக் குழந்தையின் மூச்சைக் கேட்கவேண்டும்" என்பதுதான் அது. நானே எழுந்துபோய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் தையலிடம் சொன்னார்: பசும்பால் இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டுப்பாலைக் காய்ச்சி, பார்லித் தண்ணீர் கலந்து, சிறுகச் சிறுகக் கரண்டியால் கொடுக்கவேண்டும். வேறு ஒன்றும், ஒரு சொட்டுக்கூட, கொடுக்கக்கூடாது. வாரம் ஒருமுறை கொண்டுவந்து நிறுத்துப் பார்க்கவேண்டும். "உடனே தேறும் எண்டு நினைக்காதேங்கோ. நல்லா மெலிஞ்சு போச்சு. இன்னொருக்கால் வயித்தாலை போனால் தாங்காது" என்றார். தையல் வரும்வழி முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தையே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் டாக்டரம்மா சொன்னதை மாற்றிச் சொல்லிவிடுவேன் என்பதுபோல.

ஆட்டுப்பாலுக்கு அன்னமுத்துவிடம் போகவேண்டும் என்றாள் பூரணம். அன்னமுத்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாள். தோட்டக்காரரின் மனைவி, உயரமான பெண், பேச்சு வேலியைத் தாண்டி வரும், ஆள் பிறகு வருவாள். எட்டுப் பிள்ளைகள், நாலு ஆடுகள். கமலியைக் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"ஏன் பிள்ளை, இதுக்கு முந்தி உனக்கு ரண்டு பிறந்து தவறினதோ?"

தையல் தலையாட்டினாள். பூரணம் அதற்குள் எல்லாம் சொல்லிவைத்திருந்தாள் என்று தெரிந்தது.

"அப்ப ஏன் இன்னும் விக்காமல் வைச்சிருக்கிறாய்?" என்றாள் அன்னமுத்து.

பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. முன்பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை ஒரு கைப்பிடித் தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்றுவிடுவார்கள். பெற்றவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால், பிள்ளையைக் கொண்டுபோக வருகிறவன் ஏமாந்து திரும்பிவிடுவான் என்று ஒரு கணக்கு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் தையல் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையா இல்லையா என்று யோசிக்க இடமில்லை. கைப்பிடித் தவிடுதானே, போனால் போகிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் விற்பனை நடந்தது. கமலியைக் குளிப்பாட்டி, ஒரு சுளகில், அதாவது முறத்தில், துணி விரித்துப் படுக்கவைத்தார்கள். தையல் சுளகோடு நீட்டி, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லவேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. "சும்மா சொல்லன் பிள்ளை, பிள்ளையார் ஒண்டும் நினையார்" என்றாள் அன்னமுத்து. தையல் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அன்னமுத்து சுளகை வாங்கி, முந்தானையில் முடிந்துவைத்திருந்த தவிட்டை அவள் கையில் கொட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். கமலி அன்னமுத்துவின் மூக்குத்தியைப் பிடிக்கப் பார்த்தாள்.

இப்போது நான் செய்த தவற்றைச் சொல்லவேண்டும். கும்பகோணத்தில் விற்ற கையோடு வாங்கிவிடுவோம். கோயில் வாசலில் விற்று, ஒரு சுற்று சுற்றிவந்து, அதே தவிட்டைக் கொடுத்து வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். அந்தப் பழக்கத்தில் நான் தையல் கையிலிருந்த தவிட்டை வாங்கி அன்னமுத்துவிடம் நீட்டினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உதென்ன தம்பி?"

"வாங்கிக்கிறேன்."

"நான் விக்கேல்லையே."

சபாரத்தினம் என்னை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனான். "மச்சான், இஞ்சை அப்பிடியில்லை. பிள்ளை தேறினாப் பிறகுதான் வாங்கிறது. எப்ப தேறிச்சுது எண்டு வாங்கினவ சொல்லவேணும். அதுவரைக்கும் நீ சும்மா பாத்துக்கொள்ளுற ஆள்."

"விக்கிறதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கேல்லை" என்றான்.

கடைக்காரன் நான். விற்ற பொருளை வாங்கியவன் திருப்பிக் கொண்டுவந்து தகராறு செய்வதுதான் எனக்குத் தெரிந்த வியாபாரம். விற்றவன் போய்த் திருப்பிக் கொடு என்று கெஞ்சுகிற வியாபாரத்தை அன்றுதான் பார்த்தேன்.

அன்றுமுதல் எங்கள் மகள் எங்களோடு இருந்தாள், ஆனால் எங்கள் மகள் இல்லை. விடிந்ததும் அன்னமுத்து பால் செம்போடு வருவாள். "எங்கை என்ரை பிள்ளை?" என்று படலையிலிருந்தே குரல் வரும். கமலி என்ற பெயர் விற்ற பிறகு செல்லாதாம். தவிடு என்று கூப்பிட ஆரம்பித்தாள். "எடி தவிடு, இரவு நித்திரை கொண்டனியோ?" என்று கேட்பாள். என் மகள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெங்காயத் தோட்டம் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் அன்னமுத்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஆரைக் கேட்டு வெயிலுக்குள்ளை கொண்டுபோனனீர்?"

தோட்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தக் குடாநாட்டில் ஆறு என்று ஒன்று கிடையாது. ஆடி பிறந்தால் புது வெள்ளத்தைப் பார்க்கக் கரைக்கு ஓடுகிறவர்கள் நாங்கள். இவர்களுக்கு எல்லாமே கிணறு. காலையில் துலா மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்கிறார், கீழே ஒருவர் தண்ணீர் மொண்டுவரும் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்கிறார், வாய்க்கால் வழியாகத் தண்ணீர் சிவப்பு மண்ணில் ஓடுகிறது. மேலே நடக்கிறவர் கீழே பார்ப்பதே இல்லை. பக்கத்துத் தோட்டத்துத் துலாவில் நடக்கிறவரோடு வழக்கு வம்பெல்லாம் பேசிக்கொண்டே நடக்கிறார். நான் ஏறி நாலடி வைத்துவிட்டு, ஏறியதைவிட மெதுவாக இறங்கினேன். வாய்க்காலில் உட்கார்ந்து குளிப்பது மட்டும் காவேரியில் குளிப்பதற்குக் கொஞ்சமும் குறைவில்லை.

முதல் தடவை நிறுத்தபோது கமலியின் எடை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வாந்தி மட்டும் குறைந்திருந்தது. டாக்டரம்மா "பாப்பம்" என்றார். இந்த ஊரில் பாப்பம் என்றால் பார்க்கலாம். அதில் நல்லதும் இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம்.

அதற்கடுத்து ஆடிப்பிறப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் அன்று வீட்டுக்கு வீடு கூழ். வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள்; கூடவே கொழுக்கட்டை. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதனால் அள்ளிக் குடிக்கவேண்டும். நான் சபாரத்தினம் வீட்டில் குடித்து, பக்கத்து வீட்டில் குடித்து, கந்தையர் வீட்டிலும் குடித்துவிட்டு, பாயில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

தையல் அழுது கூப்பிட்டபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. கமலிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒன்றாக வந்திருந்தன. கண் உள்ளே போய்விட்டது. தலை துவண்டு தையலின் தோளில் கிடந்தது.

"யார் என்ன கொடுத்தீங்க?" என்றேன். தையல் இல்லை என்று தலையை ஆட்டினாள். பூரணம் ஒன்றும் கொடுக்கவில்லை என்றாள். சத்தம் கேட்டு ஓடிவந்த அன்னமுத்து முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

"நான்தான் குடுத்தனான்" என்றாள். "ஆடிக்கூழ். விரலாலை தொட்டு நாக்கிலை வைச்சனான். எட்டுக்கும் குடுத்துப்போட்டு இவளுக்கு மாத்திரம் இல்லையெண்டால் குறையல்லோ எண்டு நினைச்சன்."

தையல் கிணற்றடியில் இருந்த நேரம் அது. விரலால் ஒருமுறை தொட்டு வைத்திருக்கிறாள், குழந்தை சப்புக்கொட்டியது, அந்த ஆசையில் இன்னும் பலமுறை வைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் வாயில் என்னென்னவோ வந்தது. நல்லவேளை, சொல்லியனுப்பிய கந்தையரின் வண்டி வந்துவிட்டது.

நாங்கள் ஏறினோம். யாரும் கூப்பிடாமலே அன்னமுத்துவும் ஏறினாள். இறங்கச் சொல்ல எனக்கு நேரமில்லை. மாடு பறந்தது. பாதி வழியில், ஒரு தவறணைக்கு எதிரே, வண்டி திடீரென்று நின்றது. அது கள்ளுக்கடை. கந்தையர் தினமும் அங்கே இறங்குகிறவர் போலும். மாடு தன் கடமையைச் செய்துவிட்டு அசையாமல் நின்றது. கந்தையர் தட்டினார், வாலை முறுக்கினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். மாடு தவறணையையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்னமுத்து குதித்து இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டில் ஓடினாள். தவறணை கண்ணுக்கு மறையும்வரை ஓடிவிட்டுத்தான் வண்டியில் மறுபடி ஏறினாள். மூச்சு வாங்கிக்கொண்டே கமலியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "குளிருது" என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டுவதற்காக வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, என் மேல்துண்டை எடுத்துக் குழந்தையின் காலில் சுற்றினேன்.

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. உப்புநீரை ஊசிவழியாக ஏற்றினார்கள். கதவுக்கு வெளியே நாங்கள் மூவரும் நின்றோம்.  எனக்கு முன்பு இரண்டு தடவை இப்படிக் கதவுக்கு வெளியே நின்ற நினைவு வந்தது. மூன்றாவது தடவை நிற்க எனக்குத் தெம்பில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். "பிள்ளையின்ரை தாய் ஆர்?"

"நான்" என்றாள் தையல். "நான்" என்றாள் அன்னமுத்து. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

டாக்டரம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பூரணம் இருந்திருந்தால் விளக்கியிருப்பாள். நான் எழுந்து, விற்ற கதையைச் சொன்னேன். படித்த மனுஷி, என்னைக் கன்னத்தில் அறையாத குறையாகப் பேசப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு அன்னமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"கூழ் தீத்தினது நீரோ?"

"ஓம்."

"சரி. அப்ப உம்மடை பிள்ளை. நான் இனிச் சொல்லுறதை இவை ரண்டுபேரும் கேக்கவேண்டாம், நீர் கேளும். பாலும் பார்லியும் தவிர ஒரு துளி இந்த வாய்க்குள்ளை போகக்கூடாது. போனால் நான் உம்மட்டைத்தான் கேப்பன். விளங்குதே?"

"விளங்குது டாக்குத்தரம்மா."

"பிள்ளை பிழைக்கும். ரண்டு நாள் இஞ்சை கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிழைக்கும் என்ற சொல்லை யார் முதலில் கேட்டோம் என்று தெரியவில்லை. தையல் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். அன்னமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னைப் பேசு பிள்ளை. ரண்டு பேச்சுப் பேசு, எனக்கு ஆறும்" என்றாள். தையல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் கந்தையரின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபிறகு அன்னமுத்து வேறு ஆளானாள். முன்பு அவள் சொந்தக்காரி, இப்போது போலீஸ்காரி. அவள் கண் முன்னால் பால் காயவேண்டும், அவள் கண் முன்னால் ஆறவேண்டும். அக்கம்பக்கத்திலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் மடியை உதறிக் காட்டாத குறைதான். என் மாமியார் கொடுத்தனுப்பிய கஷாயக் குப்பி பெட்டிக்குள் இருந்ததை எப்படியோ மோப்பம் பிடித்து, வேலிக்கு அப்பால் எறிந்தாள். அதற்காக மட்டும் நான் அவளுக்கு ஆயுள் முழுவதும் நன்றி சொல்லுவேன்.

மாம்பழக் காலம் முடியும் தறுவாயில் கறுத்தக்கொழும்பான் என்ற பழத்தை எனக்குத் தந்தார்கள். தோல் பச்சையாக இருக்கும். புளிக்குமோ என்று பயந்து கடித்தேன். எங்கள் பக்கத்துப் பழங்களைப் பற்றி அதன்பின் நான் அங்கே வாய் திறக்கவில்லை. நான் பழம் தின்னும்போது அன்னமுத்து கமலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். வாசனைகூடக் குழந்தையை எட்டக்கூடாதாம்.

அடுத்தடுத்து நிறுத்தபோது தராசு அசைய ஆரம்பித்தது. அது பித்தளைத் தட்டு வைத்த தராசு. பித்தளையில் பிறந்து வளர்ந்தவன் நான். முள்ளை நம்பாமல், "தயவுசெய்து இன்னொரு தடவை நிறுங்கள்" என்றேன். டாக்டரம்மா நிறுத்தார். மூன்றாவது தடவை கேட்டபோது வராந்தாவைக் கைகாட்டினார். கமலிக்குத் தட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. காலை உதைத்தாள், நர்ஸின் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். "உதைக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை" என்றார் டாக்டரம்மா.

ஆவணி பிறந்தது. தம்பி கடை நடத்துகிற அழகைப் பற்றி ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையை இனி அழைத்துப் போகலாம், ஆட்டுப்பாலை மட்டும் விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கமலி இப்போது தவழ்ந்தாள். கன்னத்தில் பிடிக்கச் சதை இருந்தது. மூட்டை கட்டினோம். முதலியாரின் புகையிலை, பனங்கற்கண்டு உட்பட எல்லாம் ஆயிற்று. குழந்தையை வாங்குவது ஒன்றுதான் பாக்கி.

பூரணம் புதுத் தவிடாகப் புடைத்துக் கொடுத்தாள். நானும் தையலும் அன்னமுத்து வீட்டுக்குப் போனோம். அவள் முற்றத்தில் ஆடுகளுக்குப் பூவரசங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். தையல் தவிட்டை நீட்டினாள்.

அன்னமுத்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். தவிட்டைப் பார்த்தாள். கமலியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப விக்கேல்லை" என்றாள்.

 "நாளைக்கு ரயில் ஏறணும்மா. டாக்டரே சொல்லிட்டாங்க, தேறிட்டான்னு."

"ஓம், தேறிட்டாள்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"பின்னே?"

"தம்பி, நீங்கள் கடல் தாண்டிப் போறியள். நடுக்கடலிலை நிண்டு எமன் ஆரின்ரை பிள்ளையெண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுவியள்? உங்கடை பிள்ளையெண்டு சொன்னால் கணக்குப் பாப்பான். என்ரை பேரிலையே போகட்டும். ஊரிலை போய் வளரட்டும், பல்லு முளைக்கட்டும், நடக்கட்டும். தன்ரை காலாலை நடந்து இந்தப் படலையைத் திறந்து வந்து, தன்ரை கையாலை தவிடு தரட்டும். அண்டைக்கு விக்கிறன்."

அவள் தையலைப் பார்த்து, "உனக்குச் சம்மதமோ பிள்ளை?" என்று கேட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. தையல் கையிலிருந்த தவிட்டை மெல்ல ஆட்டின் முன்னால் கொட்டினாள். ஆடு தின்றது.

மறுநாள் கந்தையரின் வண்டியில் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். தவறணை வழியாகப் போகவேண்டாம் என்று நான் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். படலையில் பூரணம் கண்ணைத் துடைத்தாள். சபாரத்தினம் வண்டியில் கூட வந்தான். அன்னமுத்து வரவில்லை, ஆடு கட்டவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். வண்டி ஒழுங்கை திரும்பும்போது எந்த வேலிக்குப் பின்னாலிருந்தோ "தவிடு" என்று ஒரு குரல் கேட்டது. கமலி அந்தப் பக்கம் திரும்பினாள்.

கப்பல் ஏறும் துறையில் சுகாதார அதிகாரி ஒருவர் பயணிகளை வரிசையில் நிறுத்திக் கண்ணையும் நாக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டால் திருநெல்வேலிக்காரர். கடலைப் பார்த்ததுமே எனக்கு முகம் வெளிறிவிட்டிருந்தது. தையலும் இந்த இரண்டு மாதத்தில் எலும்பாக இளைத்திருந்தாள். எங்கள் நடுவே கமலி மட்டும் கொழுகொழுவென்று, அதிகாரியின் பேனாவைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"பிள்ளை உங்களதா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தையல் முந்திக்கொண்டாள். "இல்லைங்க. வித்துட்டோம். யாழ்ப்பாணத்துல அன்னமுத்துன்னு ஒருத்தங்களுக்கு. எங்ககிட்ட வளர்றா."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார், கமலியைப் பார்த்தார், பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஊரிலும் தவிடு இருக்குமல்லவா.

"சரிதான்" என்றார். "அந்தம்மாவுக்கு இது எத்தனாவது பிள்ளை?"

யாராவது எத்தனாவது பிள்ளை என்று கேட்டால் தையல் மூன்றாவது என்பாள். உடனே முதல் இரண்டும் எங்கே என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே அவள் கல்யாணம், காட்சி என்று ஒரு வீட்டுக்கும் போவதை விட்டிருந்தாள்.

"ஒன்பதாவது" என்றாள்.

"மத்த எட்டும் சௌக்கியமா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றாள் தையல்.